வாய்க்குள் தேடியவள்

அவள் பஸ் ஓட்டுகிறவள். ஆற்றங்கரையில் கிளம்பி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, மருத்துவமனை வாசலில் போய் நிற்கும் நகரப் பேருந்து அவளுடையது. வண்டியில் அவள் வாய் திறப்பது அபூர்வம். ‘கதவு மூடுகிறது’, ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்’, ‘அடுத்த வண்டியில் வாருங்கள்’ என்று வேலைக்கு வேண்டிய வாக்கியங்களை, பிழைக்க வந்த அந்த வெளிநாட்டின் ஊர்ப் பேச்சில் மனப்பாடமாக வைத்திருந்தாள். அதற்குமேல் யாராவது ஏதாவது கேட்டால் ஒரு சிரிப்போடு சரி. டிப்போவில் மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘அமைதி’.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினால் போதும், அந்த அமைதியும் கூடவே கழன்றுவிடும். சமையலறையில் கால் வைப்பதற்குள் தமிழ் ஆரம்பித்திருக்கும். அன்றைக்கு வண்டியில் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் அவள் வாயில் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வெயிலிலும் குடை கொண்டுவருகிறவர் குடை மாமா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுதான் மருத்துவமனையா என்று கேட்கிற அம்மாள் சந்தேகப் பெரியம்மா.

"இன்னிக்குக் குடை மாமா குடைய வண்டியிலயே விட்டுட்டு இறங்கிட்டாருங்க. கண்ணாடியில பாக்குறேன், பின்னாடியே ஓடி வர்றாரு. மழையும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னமோ நனையிற மாதிரி ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு ஓடி வர்றாரு!"

கணவன் பிளம்பர். பகல் முழுக்க ஊரார் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, தட்டில் கண்ணும் அவள் பேச்சில் காதுமாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அங்கே இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். மனசு எங்கோ ஒழுகுகிற குழாயிலேயே நின்றிருந்தாலும் அந்த ‘அப்புறம்’ மட்டும் சரியான இடத்தில் விழுந்துவிடும்.

இருவருக்கும் நடுவில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள் அவர்கள் மகள். அவளை வீட்டில் சிட்டு என்று கூப்பிட்டார்கள். மூன்று வயதைத் தொட இருந்தாள். இன்னும் ஒரு சொல் வரவில்லை.

காதில் குறை ஒன்றும் இல்லை. "பந்து எங்கடி போச்சு?" என்றால் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய் எடுத்துக்கொண்டு வருவாள். "அப்பா வந்தாச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவடியில் நிற்பாள். வேண்டியதைக் கைகாட்டுவாள், வேண்டாததற்கு முகத்தைத் திருப்புவாள். தொண்டைக்குள் ஏதோ முனகல் ஓடும், வெளியே வராது. எதிர் வீட்டுப் பிள்ளை இவளைவிடச் சின்னவன், அம்மாவோடு சண்டையே போடுகிறான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் சிட்டுவின் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

பள்ளிக்கு முந்தைய காப்பகத்தில் இருந்த ஆயாதான், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னது. போனார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். சிட்டுவைத் தரையில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, மரக்கட்டைகளை அடுக்கி விளையாடினார். பிறகு எழுந்து, வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். குழந்தைக்கு ஒரு பேச்சே பாரமாக இருக்கிறது, எதற்கு இரண்டு? பள்ளியில் எது வேண்டுமோ அதையே வீட்டிலும் பேசுங்கள். பேச்சு வந்த பிறகு உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளலாம்."

தெருவுக்கு வந்ததும் அவள் சிட்டுவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகளின் வாயை அடைத்து வைத்திருந்தது தன் வாய்தான் என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்னது போல் இருந்தது. வழிநெடுகத் தூக்கிக்கொண்டே நடந்தாள்.

"டாக்டர் சும்மா சொல்ல மாட்டாரு," என்றான் கணவன். "அவரு பாக்காத புள்ளைங்களா? கொஞ்ச நாளுதானே. நாமளும் அதுலயே பேசிப் பாப்போம்."

"எனக்கு அதுல என்னங்க தெரியும்? கதவு மூடுதுன்னு சொல்லத் தெரியும்."

"பேசப் பேச வரும்."

அன்று மாலையே வீட்டில் ஊர்ப் பேச்சு குடிவந்தது.

முதல் சில நாட்கள் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சில் நீ, நீங்கள் என்ற பிரிவே கிடையாது. எல்லாருக்கும் ஒரே சொல். கணவனை அப்படிக் கூப்பிட்டபோது பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவனை அதட்டுவது போல அவளுக்கே தோன்றியது. அவன் பேசியதோ வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சு. "சோறு நன்றாக இருக்கிறது, நன்றி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத நன்றி. கேட்டதும் இவன் எங்கேயோ கிளம்பிப் போகப்போகிறான் என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. சிட்டு அடுப்புப் பக்கம் ஓடியபோது அவள் வாயில் சட்டென்று வந்தது ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்’ என்பதுதான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு குறைந்தது. குடை மாமாவை எப்படிச் சொல்வது? அந்தப் பேச்சில் மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஆள்தான், வெளியாரை அப்படிக் கூப்பிடவும் வழியில்லை, குடை மாமா வெறும் பயணிதான். சாப்பாட்டு மேசையில் கதை நின்றது. கதை நின்றதால் அவனுடைய ‘அப்புறம்?’ என்பதும் நின்றது. கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. மகளைக் குளிப்பாட்டும்போது கொஞ்சச் சொல்லி வாய் துடிக்கும், கொஞ்சுவதற்கு அந்தப் பேச்சில் அவளிடம் ஒன்றும் கிடையாது. தண்ணீர், சோப்பு, கை, கால் என்று பொருள்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே குளிப்பாட்டுவாள். தூங்கவைக்கும்போது முதுகில் தட்டிக்கொடுப்பாள், அவ்வளவுதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தட்டிக்கொடுப்பாள்.

சிட்டுவின் முனகலும் அடங்கிப்போனது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று. யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறாரே, ஆனால் அவர் இல்லையே என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

ஒரு விடுமுறை நாள் காலை, ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிட்டு வந்து மடியில் ஏறினாள். முழங்காலை ஊன்றி எழுந்து, அம்மாவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு விரலால் உதட்டைப் பிரித்தாள். அவள் விளையாட்டாக்கும் என்று வாயைத் திறந்து காட்டினாள். சிட்டு சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கையை விட்டாள். பல்லைத் தொட்டாள். நாக்கைப் புரட்டி அதன் அடியில் பார்த்தாள். கன்னத்தின் உட்புறம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினாள். கட்டிலுக்கு அடியில் பந்தைத் தேடுகிறபோது இருக்குமே, அதே கவனம் முகத்தில்.

சிட்டு என்ன தேடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. இங்கேதான் இருந்தது, எங்கே வைத்தாய் என்று தேடுகிறாள்.

"என்னடி தேடுற, என் தங்கமே? என்னடி தேடுற?"

விரல்கள் வாய்க்குள் இருக்கும்போதே அது வந்துவிட்டது. சிட்டுவின் கை அப்படியே நின்றது. குரல் அந்தக் குட்டி விரல்களில் அதிர்ந்திருக்க வேண்டும். கையை மெல்ல வெளியே எடுத்து, ஈர விரல்களையே பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். முகம் முழுக்க விளக்கேற்றியது போல ஒரு சிரிப்பு வந்தது. உடனே மறுபடியும் வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டாள். இன்னும் எடு என்று.

"இருக்குடி, இங்கயேதான் இருக்கு. எங்கயும் போகல. அம்மாதான் மூடி வச்சிட்டேன். புத்தி கெட்டவ, மூடி வச்சிட்டேன்டி…" அழுகையும் பேச்சும் கலந்து கொட்டியது. மடித்த துணியெல்லாம் கலைந்து கிடந்தது.

குளியலறைக் குழாயைக் கழற்றிப்போட்டுக்கொண்டிருந்த கணவன் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தான்.

"என்ன, தமிழ்ல பேசிட்டு இருக்க?"

"ஆமா, பேசுறேன். இனிமே பேசுவேன். டாக்டர் இல்ல, அவங்க அப்பாவே வந்து சொன்னாலும் பேசுவேன்."

"புரியாமப் பேசாத. நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துல வாயில்லாம நின்னா யாரு பதில் சொல்றது?"

"இப்ப வாயில்லாம நிக்கிறது அவ இல்லீங்க. நான்."

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வாயில்லாம நிக்கிறாளாம். அடுத்த தெருவுக்கே கேக்குது உன் சத்தம்," என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள். அம்மா அப்பா சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று! சிட்டு இருவருக்கும் நடுவில் நின்று கைதட்டிக் குதித்தாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. அவனுக்கும்தான், அவளுக்கும்தான். அதனால் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணியை விசாரித்துத் தேடிப் போனார்கள். குட்டையாக வெட்டிய தலைமுடி, கண்டிப்பான முகம். நடந்ததையெல்லாம் கணவன் எடுத்துச் சொன்னான். அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார்.

"வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே இவளிடம் பேசுங்கள். எனக்குப் புரியாது. பரவாயில்லை."

முன்பின் தெரியாதவர் முன்னால் எப்படிப் பேசுவது? கூச்சத்தோடுதான் ஆரம்பித்தாள். "அன்னிக்கு நம்ம சந்தேகப் பெரியம்மா இருக்காங்கல்ல, அவங்க டிப்போவுக்கே வந்துட்டாங்கடி. வண்டியெல்லாம் நிறுத்தி வச்சிருக்கு, ஒரு ஆள் இல்ல. அங்க வந்து கேக்குறாங்க, இதுதான் ஆஸ்பத்திரியான்னு…" சொல்லச் சொல்லக் கூச்சம் விட்டுப்போயிற்று. அந்த அம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. கண் கொட்டாமல் சிட்டுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சொன்னார்: "பேச்சு எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும். ஆனால் இரண்டு மொழி கேட்பதால் இவளுக்குத் தாமதமாகவில்லை. நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. இவளுக்கு எல்லாம் விளங்கியது. உங்கள் குரலில் சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே இவள் சிரிக்கத் தயாராகிவிட்டாள். இதை நிறுத்தினால் இவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? பேசுங்கள். ஊர்ப் பேச்சு ஊரிலிருந்து வரும்."

அதற்குப் பிறகு அவள் பேசிய பேச்சு இருக்கிறதே! வெங்காயம் உரிப்பதற்கு ஒரு பேச்சு, படியிறங்குவதற்கு ஒரு பேச்சு. விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் பேசினாள். அதில் பாடம் எதுவும் கிடையாது. தண்ணீர், சோப்பு என்று பெயர் சொல்லிக் காட்டுவதை அடியோடு விட்டுவிட்டாள். திட்டினாள், கொஞ்சினாள், புலம்பினாள், வம்பளந்தாள். சிட்டு கேட்டாள். இலை உதிர்ந்து, குளிர் வந்து, குளிரும் போயிற்று. சிட்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல் மட்டும் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம். கணவன் எங்கோ ஒரு நிலவறையில் வெடித்த குழாயோடு நாள் முழுக்கப் போராடிவிட்டு வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தான், பாதித் தட்டிலேயே கண் சொருகிவிட்டது. அவள் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன், கடைசி சீட்டுல ஒரு பூனை. யாரோடதுன்னு கேட்டா எல்லாரும் எல்லாரையும் பாக்குறாங்க. அதுபாட்டுக்குக் காலை மடக்கிக்கிட்டு, டிக்கெட் எடுத்த மாதிரி உக்காந்திருக்கு…"

இங்கே மூச்சு வாங்க நிறுத்தினாள். கணவன் பக்கமிருந்து சத்தம் இல்லை. தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பறம்?"

சின்னக் குரல். கொஞ்சம் கரகரப்பாக, நெடுநாள் திறக்காத குழாயிலிருந்து தண்ணீர் வருகிறபோது கேட்குமே, அப்படி.

அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. சிட்டு உயரமான நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராததில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட.

"அப்பறம்மா?"

முதல் சொல் அம்மாவாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பாவாக, பாலாக, பந்தாக இருக்கும் என்று எதிர்பார்த்த எதுவும் இல்லை. கதையில் பாதி வழியில் நிறுத்தியவளை மேலே நடக்கச் சொல்கிற சொல். இத்தனை நாளும் இந்தக் குழந்தை வாயை மூடிக்கொண்டு கதை கேட்டிருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் எந்த இடத்தில் அந்தச் சொல் விழ வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. அப்பா தவறவிட்ட இடத்தில் தானே எடுத்துப் போட்டிருக்கிறது.

கணவனை எழுப்ப வேண்டும் என்று தோன்றியது. எழுப்பினால் கலைந்துவிடுமோ என்றும் இருந்தது. அவள் எழுப்பவில்லை. "அப்பறமா… அப்பறம் அந்தப் பூனை கடைத்தெருவுல இறங்கிப் போயிடுச்சுடி," என்று கதையை முடித்தாள். முடித்த பிறகுதான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க, சிட்டு பேசிட்டா!" அவன் திடுக்கிட்டு விழித்து, வழக்கம் மாறாமல், "அப்புறம்?" என்றான். சிட்டுவுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அதன்பின் மடை திறந்துவிட்டது. ஒன்று இரண்டு என்று வந்த சொற்கள் கும்பலாக வர ஆரம்பித்தன. அம்மாவின் புலம்பல் அப்படியே வந்தது. அப்பாவின் அலுப்பு அப்படியே வந்தது. "முதுகு போச்சுப்பா" என்று இடுப்பில் கைவைத்து நாற்காலியில் சாய்வாள்.

ஊர்ப் பேச்சு வந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை. அது காப்பகத்தில் வந்தது. ஒருநாள் கூப்பிட்டுவரப் போனவள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே மணலில் சிட்டு, ஒரு பையனோடு வாளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்க முழுக்க ஊர்ப் பேச்சில். ஓட்டுநர் வேலைக்கு எத்தனையோ தேர்வு எழுதிய அவளுக்கு வராத வேகம், வராத ராகம். ஏதோ வேறு வீட்டுக் குழந்தை என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் சிட்டு தலையைத் திருப்பினாள்.

"அம்மா! நான்தான்மா மொதல்ல எடுத்தேன், இவன் பொய் சொல்றாம்மா!"

சொல்லிவிட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பி, அவனிடம் ஊர்ப் பேச்சில் மிச்சச் சண்டையைத் தொடர்ந்தாள். நடுவில் ஒரு திணறல் இல்லை, ஒரு யோசனை இல்லை. கழுத்து திரும்புகிற நேரத்தில் ஒரு உலகம் போய் இன்னொரு உலகம் வந்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அவளால் தாண்ட முடியாத ஓர் ஆற்றை, தன் குழந்தை பாவாடை நனையாமல் இங்கும் அங்கும் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தது.

எல்லா நாளும் இப்படியே இனிப்பாகப் போகவில்லை. தமிழில் கேட்டால் ஊர்ப் பேச்சில் பதில் சொல்கிற நாட்கள் வந்தன. "இங்க தமிழ்ல பேசுடி" என்று கணவன் அதட்டினால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். அம்மா அதட்டவில்லை. தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாள். கதையின் சுவாரசியத்தில் சிட்டுவுக்குத் தன் கோபம் மறந்துபோகும்.

சிட்டுவுக்கு ஐந்து வயதான பிறகு, பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவும் மகளும் அவள் வண்டியில் ஏறினார்கள். முதல் தடவையாக அம்மா ஓட்டுகிற பஸ். சிட்டு முன் இருக்கையில் அப்பா மடியில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நூலகத்துக்கு எதிர் நிறுத்தத்தில் கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர் நின்றிருந்தார். படி அவருக்கு உயரம். அவள் எப்போதும் செய்வது போல ஒரு பொத்தானை அழுத்தினாள். காற்று புஸ்ஸென்று வெளியேற, வண்டி நடைபாதைப் பக்கமாக மெல்லச் சாய்ந்து தாழ்ந்தது. முதியவர் சிரமமில்லாமல் ஏறினார்.

"அப்பா! பஸ்ஸு குனியுச்சுப்பா! தாத்தா ஏறணும்னு பஸ்ஸு குனியுச்சு!"

அவள் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. இத்தனை வருஷமாக அழுத்துகிற பொத்தான். அதற்கு ஊர்ப் பேச்சில் ஒரு பெயர் உண்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தமிழில் அவள் அதை ஒருநாளும் நினைத்ததில்லை; சமையலறைக் கதைகளிலும் அது வந்ததில்லை. வந்திராத ஒன்றுக்குச் சிட்டு எங்கிருந்து சொல் எடுத்தாள்? அதுவும் குனியுச்சு! அவளும் கணவனும் குனிஞ்சுச்சு என்றுதான் சொல்வார்கள். குனியுச்சு என்று எந்தத் தமிழனும் அந்தக் குழந்தையின் காதில் போட்டிருக்க முடியாது. ஓடுச்சு, ஆடுச்சு, தேடுச்சு என்று கேட்டதையெல்லாம் வைத்துக்கொண்டு, உள்ளே தானே ஏதோ கணக்குப் போட்டு, தானே புதிதாக ஒன்றைச் செய்து எடுத்திருக்கிறாள். கெட்டுப்போகாமல் காப்பாற்றி மகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் பயந்து பயந்து சுமந்துகொண்டிருந்த பேச்சு, அந்தச் சின்ன உடம்புக்குள் இறங்கி, தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வண்டி நிறைய ஆட்கள் இருக்க, கோயிலில் தனியாக நிற்பது போல அவளுக்கு இருந்தது.

முதியவர், குழந்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சிட்டு அவர் பக்கம் திரும்பி, ஊர்ப் பேச்சில், பேருந்து உங்களுக்காக வணங்கியது என்று விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி வண்டிக்குத் திருப்பி வணக்கம் வைத்தார். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவள் சுயநினைவு வந்தவளாகக் கதவை மூடி, வண்டியை நிமிர்த்தி, எடுத்தாள்.

கணவன் அவள் இருக்கைப் பக்கமாகக் குனிந்து, "குனிஞ்சுச்சுன்னு திருத்திச் சொல்லிடவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வேணாங்க," என்றாள் அவள். "அதுவா சரியாயிடும். கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்."

அடுத்த நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் வாட்டசாட்டமான இளைஞர்கள். யாருக்கும் தேவை இல்லை. அவள் பொத்தானை அழுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.